எப்படியும் வளையலாம், நீளம் பிசகக் கூடாது

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங் காரை அறிமுகம் செய்தது. பார்வைக்குப் புத்தம் புதிய கார். ஆனால் அதன் அடித்தளம் ஃபால்கன் என்ற சிக்கனக் காரிலிருந்து வந்தது. ஃபால்கனின் முன்பக்கம் ஒல்லியான, நேர்வரிசை ஆறு சிலிண்டர் இன்ஜினுக்காக வரையப்பட்டது. அதில் முன்சக்கரங்களின் சுருள்வில்கள் உயரத்தில் அமர்ந்திருக்கின்றன. அவற்றைத் தாங்குவதற்காக இன்ஜின் அறையின் இரண்டு பக்கமும் தகட்டுக் கோபுரங்கள் உள்நோக்கித் துருத்தி நிற்கின்றன. அந்த இரண்டு கோபுரங்களுக்கு நடுவில்தான் ஃபோர்டின் சிறிய வி8 இன்ஜினும் உட்கார வேண்டியிருந்தது. 289 கன அங்குலம், அதாவது 4.7 லிட்டர். உட்கார்ந்தது, பக்கவாட்டில் இடம்தான் மிஞ்சவில்லை.

பழைய மஸ்டாங்கை வைத்திருப்பவர்களில் பலர் இன்று அந்த இன்ஜினை எடுத்துவிட்டு, அதே குடும்பத்தில் 1969-ல் வந்த 351 வின்ட்சர் இன்ஜினை வைக்கிறார்கள். கொள்ளளவு 5.8 லிட்டர். இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றே, 4 அங்குலம். சிலிண்டர்களுக்கு இடையிலான தூரமும் ஒன்றே. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மட்டும் 2.87 அங்குலத்திலிருந்து 3.5 அங்குலமாகக் கூடியது. அதற்கு இடம் தர, இன்ஜின் பிளாக்கின் இரண்டு சாய்ந்த சுவர்களும் சுமார் 32 மில்லிமீட்டர் நீண்டன. அவை 45 பாகை சாய்ந்திருப்பதால் இரண்டு பக்கத்து சிலிண்டர் ஹெட்டுகளும் 23 மில்லிமீட்டர் மேலேறி, 23 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கின்றன.

சிக்கல் முழுவதும் அந்த 23 மில்லிமீட்டரில் இருக்கிறது. பழைய இன்ஜினின் ஹெடரை, அதாவது புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதியை, எடுத்துப் புதிய இன்ஜினில் வைத்தால் போல்ட் துளைகள் பொருந்திவிடும்; குழாய்கள் போய்க் கோபுரத்திலும் ஸ்டீயரிங் தண்டிலும் இடிக்கும். இந்த மாற்றத்துக்கென்றே ஆயத்த ஹெடர்கள் விற்பனைக்கு உண்டு. ஆனால் வெளியேற்று வாய் உயர்த்தப்பட்ட அலுமினிய ஹெட்டுகளைப் போட்டாலோ, ஸ்டீயரிங் அமைப்பை மாற்றினாலோ அவையும் பொருந்தாமல் போகும். மாற்றங்கள் சேரச் சேர, உலகில் அதுபோல இன்னொரு கார் இல்லை என்ற நிலை வருகிறது. அப்போது அந்த ஒரு காருக்கென்று ஹெடர் செய்தாக வேண்டும்.

குழாய் எங்கே போகும் என்று கார் கேட்கிறது. அலை எப்போது திரும்பும் என்று இன்ஜின் கேட்கிறது. நல்ல ஹெடர் இரண்டு கேள்விக்கும் ஒரே உலோகத்தில் விடை சொல்கிறது. அது எப்படி முடிகிறது என்று புரிய, முதலில் குழாய்க்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

குழாய்க்குள் ஓடும் அலை

ஆலையிலிருந்து வரும் பெரும்பாலான பழைய கார்களில் வெளியேற்று வாய்களை ஒரு வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு இணைத்திருக்கும். குட்டையானது, கனமானது, நெடுநாள் உழைப்பது. அதில் நான்கு சிலிண்டர்களின் புகையும் வாசலிலேயே ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். ஹெடர் என்பது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக்குழாய் கொடுத்து, அவற்றைத் தள்ளிக் கொண்டுபோய் ஓரிடத்தில் சேர்க்கும் அமைப்பு. அந்தத் தனிக்குழாய்களை முதற்குழாய்கள் என்றும், அவை சேரும் கூம்புப் பகுதியைக் கூடுமுனை என்றும் இங்கே அழைப்போம்.

வெளியேற்று வால்வு திறக்கும்போது பிஸ்டன் இன்னும் அடிமட்டத்தை எட்டியிருக்காது. சிலிண்டருக்குள் வளிமண்டலத்தைப் போலப் பல மடங்கு அழுத்தம் எஞ்சியிருக்கும். வால்வு வழிவிட்டதும் அந்த அழுத்தம் குழாய்க்குள் ஓர் அலையாகப் பாய்கிறது. வாயு ஒரு வேகத்தில் நகர, அலை அதை முந்திக்கொண்டு ஒலியின் வேகத்தில் ஓடுகிறது. ஒலியின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. நாம் பேசும் காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர். 700 பாகை செல்சியஸை ஒட்டிய வெளியேற்று வாயுவில் சுமார் 600 மீட்டர்.

அந்த அலை குழாயின் திறந்த முனையை எட்டும்போது இயற்பியலின் அழகான காரியம் ஒன்று நடக்கிறது. உயர் அழுத்த அலை வெளியே விரிந்து கரைகிறது; அதன் எதிரொலியாக ஒரு தாழ் அழுத்த அலை குழாய்க்குள் பின்னோக்கி ஓடத் தொடங்குகிறது. ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் பையோடு நகர்ந்ததும், அவர் விட்ட இடத்துக்கு அடுத்தவர் நகர்கிறார், அவர் இடத்துக்கு அதற்கடுத்தவர். ஆட்கள் முன்னோக்கிப் போகிறார்கள், வெற்றிடம் பின்னோக்கி வருகிறது. குழாயிலும் வாயு வெளியே போகிறது, வெற்றிடம் வால்வை நோக்கித் திரும்புகிறது.

அந்த வெற்றிடம் சரியான நேரத்தில் வால்வை அடைந்தால் இன்ஜினுக்கு இரட்டை லாபம். வெளியேற்று வீச்சின் முடிவில், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது, உள்ளிழுப்பு வால்வும் வெளியேற்று வால்வும் சிறிது நேரம் சேர்ந்து திறந்திருக்கும். பிஸ்டன் எவ்வளவு உயர்ந்தாலும் எரியறையின் மிச்ச இடத்தில் பழைய புகை தங்கிவிடும். அதைப் பிஸ்டனால் தள்ள முடியாது. திரும்பி வந்த தாழ் அழுத்தம் அந்தப் புகையை உறிஞ்சி எடுக்கிறது. கூடவே, பிஸ்டன் கீழிறங்கத் தொடங்கும் முன்பே புதிய காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கத் தொடங்குகிறது.

நேரம் தவறினாலோ, அதே வால்வுக்கு உயர் அழுத்தம் வந்து சேரலாம். அது வெளியேற வேண்டிய புகையை மீண்டும் உள்ளே தள்ளும்.

கணக்கு எளியது. முதற்குழாய் 90 சென்டிமீட்டர் என்றால் போய்வர 1.8 மீட்டர். நொடிக்கு 600 மீட்டர் வேகத்தில் அது 3 மில்லிநொடி. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றும்போது இந்த 3 மில்லிநொடியில் கிராங்க் 54 பாகை திரும்புகிறது. 6,000 சுற்றில் 108 பாகை. குழாய் ஒன்றே, அலையின் பயண நேரமும் ஒன்றே. பிஸ்டனின் கணக்கில் மட்டும் அது வெவ்வேறு கணங்களில் வந்து சேர்கிறது. ஆகவே எந்த ஹெடரும் எல்லா வேகத்துக்கும் சரியாக இருக்க முடியாது. நீண்ட முதற்குழாய் தாழ்ந்த சுற்றுகளில் உதவும், குட்டையானது உயர்ந்த சுற்றுகளில். ஹெடர் செய்யச் சொல்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்: இந்தக் கார் எந்தச் சுற்றுகளில் அதிக நேரம் ஓடப்போகிறது?

இன்ஜினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் வேண்டும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் வேரூன்றியிருக்கிறது. அது தவறு. எந்த இன்ஜினும் தன் மூச்சுக்கு எதிர்ப்பை விரும்புவதில்லை. பெரிய விட்டமுள்ள குழாயைப் போட்டதும் கீழ்ச்சுற்றுகளில் இழுவை குறைவதைப் பார்த்தவர்கள், பின்னழுத்தம் போனதால்தான் இப்படி என்று எண்ணிவிட்டார்கள். உண்மையில் குறைந்தது வாயுவின் வேகமும் அலையின் வலிமையும். முதற்குழாயை 1⅝ அங்குலத்திலிருந்து 1¾ அங்குலமாக்கினால் உள்பரப்பு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடும். 5.8 லிட்டர் இன்ஜின் உயர்ந்த சுற்றுகளில் ஓடினால் அந்த இடம் தேவை. நகரத்துக்குள் 2,500 சுற்றில் போகும் காருக்கு அது இழப்பு.

இந்த அலைக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு மோட்டார்சைக்கிள் பந்தயம் சான்று. கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். நிறுவனத்தின் பொறியாளர் வால்டர் காடன், 1950-களில் இரண்டு வீச்சு இன்ஜின்களின் வெளியேற்றுக் குழாயை விரிந்து சுருங்கும் அறையாக வடித்து, அலைகளை வேலை வாங்கினார். 1961 வாக்கில் அவருடைய 125 சிசி இன்ஜின் லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்ற அளவை எட்டியது. அதே ஆண்டு அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குக்குத் தப்பினார். பிறகு சுசூகியில் சேர்ந்தார். 1962-ல் 50 சிசி உலகப் பட்டம் சுசூகிக்குப் போனது. ஒரு குழாயின் வடிவத்தை அறிந்த ஆள் எல்லை தாண்டியதும் உலகப் பட்டமும் அவரைப் பின்தொடர்ந்தது.

எட்டு சிலிண்டர்களின் முறை

நான்கு குழாய்கள் சேரும் இடத்தில் இன்னொரு கேள்வி எழுகிறது. ஒரு சிலிண்டரின் அலை கூடுமுனையை அடைந்ததும் வெளியே மட்டும் போவதில்லை. பக்கத்துக் குழாய்களிலும் ஏறிப் போய் அடுத்த சிலிண்டர்களின் வால்வைத் தட்டுகிறது.

ஃபோர்டு வி8-ல் வலப்பக்க சிலிண்டர்கள் 1, 2, 3, 4. இடப்பக்கம் 5, 6, 7, 8. கிராங்க் இரண்டு முறை, அதாவது 720 பாகை சுற்றுவதற்குள் எட்டும் ஒவ்வொரு முறை எரிகின்றன. 90 பாகைக்கு ஒன்று. 289-ன் எரிவரிசை 1-5-4-2-6-3-7-8. வலப்பக்கத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் 1 எரிவது 0 பாகையில், 4 எரிவது 180-ல், 2 எரிவது 270-ல், 3 எரிவது 450-ல். இடைவெளிகள் 180, 90, 180, 270. ஒழுங்கில்லை. நின்று கொண்டிருக்கும் அமெரிக்க வி8-ன் தட்டுத்தடுமாறும் உறுமல் இந்த ஒழுங்கின்மையிலிருந்து பிறக்கிறது.

காதுக்கு இனிய அந்த ஓசை இன்ஜினுக்கு இடைஞ்சல். 4-க்கும் 2-க்கும் இடையில் 90 பாகைதான். 5,000 சுற்றில் 2-ன் அலை தன் குழாயில் இறங்கி 4-ன் குழாயில் ஏற எடுக்கும் 3 மில்லிநொடி இன்னொரு 90 பாகை. அலையின் உச்சம் அதற்கும் சற்றுப் பிந்தி வரும். ஆக, 4-ன் வெளியேற்று வீச்சு முடிந்து இரண்டு வால்வுகளும் திறந்திருக்கும் நேரத்தை நெருங்கி, வெற்றிடம் வர வேண்டிய இடத்தில் உயர் அழுத்தம் வந்து நிற்கிறது.

இதற்குப் பழைய விடை, குழாய்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, பிறகு அந்த இரண்டையும் ஒன்றாக்குவது. மூன்று இடங்களில் ஆங்கில ஒய் எழுத்துப்போல் சேர்வதால் இதற்கு ட்ரை-ஒய் என்று பெயர். 1965 ஷெல்பி ஜிடி350 மஸ்டாங்கில் இருந்தது இவ்வகைதான். ஃபோர்டு 271 குதிரைத்திறன் என்று குறித்த 289 இன்ஜினை, புதிய கார்புரேட்டர், புதிய உள்ளிழுப்பு மேனிஃபோல்டு, இந்த ஹெடர் ஆகியவற்றோடு 306 என்று குறித்து விற்றார் கரோல் ஷெல்பி.

எந்த இரண்டைச் சேர்ப்பது? எரிவரிசையைப் பார்த்தால் விடை கிடைக்கும். வலப்பக்கம் 1-ஐயும் 2-ஐயும், 3-ஐயும் 4-ஐயும் சேர்த்தால் ஒவ்வொரு இணையிலும் இடைவெளி 270, 450 என்று அமையும். இடப்பக்கம் அதே இடைவெளி வேண்டுமென்றால் 5-ஐ 7-ஓடும், 6-ஐ 8-ஓடும் சேர்க்க வேண்டும். பக்கத்தில் இருக்கிறது என்று 7-ஐ 8-ஓடு சேர்த்தால், 90 பாகை இடைவெளியுள்ள இரண்டையும் கட்டிப்போட்டதாகிவிடும்.

351 வின்ட்சருக்கு எரிவரிசை வேறு: 1-3-7-2-6-5-4-8. இன்ஜினை மாற்றுபவர் இணைகளும் மாற வேண்டும் என்றே நினைப்பார். ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்த்தால் வியப்பு காத்திருக்கிறது. மோதிக்கொள்ளும் ஜோடிகள் மாறிவிட்டன; இப்போது வலப்பக்கம் 1-ம் 3-ம், இடப்பக்கம் 6-ம் 5-ம். ஆனால் சிறந்த இணைகள் மாறவேயில்லை. 1-2, 3-4, 5-7, 6-8. காரணம் கிராங்கில் இருக்கிறது. இரண்டு இன்ஜினிலும் கிராங்கின் அமைப்பு ஒன்றே. எரிவரிசையில் 3-ம் 5-ம் இடம் மாறியிருக்கின்றன, 4-ம் 7-ம் இடம் மாறியிருக்கின்றன. இந்த ஜோடிகளில் இரண்டு பிஸ்டன்களும் எப்போதும் ஒன்றாகவே உச்சிக்கு ஏறுபவை. யாருடைய முறை முதலில் என்பதுதான் மாறியது.

முழு ஒழுங்கு வேண்டுமென்றால் இன்னொரு வழி உண்டு. 1, 4, 6, 7 ஒரு கூடுமுனைக்கு. 2, 3, 5, 8 மற்றதற்கு. ஒவ்வொன்றிலும் சரியாக 180 பாகைக்கு ஒரு அலை வரும். அதற்கு இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டிரண்டு குழாய்கள் இன்ஜினைத் தாண்டி எதிர்ப்பக்கம் போக வேண்டும். ஃபோர்டு ஜிடி40 பந்தயக் காரில் இந்த 289 குடும்பத்து இன்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்தது. கியர்பெட்டிக்கு மேலே திறந்த வெளி இருந்தது. எட்டு வெள்ளைக் குழாய்கள் ஒன்றையொன்று தழுவிப் பின்னிய அந்த அமைப்புக்குப் பாம்புக் கூட்டம் என்றே பெயர் நிலைத்தது. மஸ்டாங்கின் முன்பக்கத்தில் அந்தக் குழாய்கள் குறுக்கே போக இடமே இல்லை.

இடத்தோடு உடன்படிக்கை

இத்தனை கணக்கும் போட்ட பிறகு காரின் முன்னால் வந்து நின்றால், தாளில் இருந்த நேர்கோடு எதுவும் அங்கே சாத்தியமில்லை. கோபுரம், ஸ்டீயரிங் தண்டு, ஸ்டார்ட்டர் மோட்டார், கிளட்ச் இணைப்புக் கம்பி, தரைக்கும் குழாய்க்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி. பிளக்கைக் கழற்ற ஸ்பேனர் நுழைய வேண்டும். போல்ட் திருகக் கை நுழைய வேண்டும்.

இங்கேதான் இயற்பியல் பெரிய சலுகை ஒன்றைத் தருகிறது. அழுத்த அலைக்கு வளைவுகள் ஒரு பொருட்டே அல்ல. 6,000 சுற்றில் ஒரு சிலிண்டர் நொடிக்கு 50 முறை எரிகிறது. 600-ஐ 50-ஆல் வகுத்தால் அலையின் அடிப்படை நீளம் 12 மீட்டர். குழாயின் விட்டமோ நான்கு சென்டிமீட்டர் சொச்சம். இவ்வளவு நீண்ட அலைக்கு இவ்வளவு ஒடுங்கிய குழாயில் வளைவு இருப்பதே தெரியாது. அது அறிவது இரண்டைத்தான்: நீளம், குறுக்குப் பரப்பு. கைவினைஞர் குழாயை மேலே தூக்கலாம், பின்னால் வளைக்கலாம், கோபுரத்தைச் சுற்றிவரலாம். நீளத்தையும் பரப்பையும் காப்பாற்றினால் போதும்.

பரப்பைக் காப்பாற்றுவது வளைக்கும் முறையில் இருக்கிறது. வெறுமனே அழுத்தி வளைத்தால் குழாய் வளைவில் நசுங்கிச் சப்பையாகும். உள்ளே ஓர் உருளையைத் தாங்கலாக நுழைத்து வளைத்தால் வட்டம் வட்டமாகவே இருக்கும். மேன்ட்ரல் வளைவு என்பது இதுவே. ஹெடர் செய்பவர் வெவ்வேறு ஆரங்களில் இப்படி வளைத்த துண்டுகளை வாங்கி, வேண்டிய கோணத்தில் அறுத்துச் சேர்க்கிறார்.

மாதிரி செய்யாமல் அறுப்பவர் உலோகத்தை வீணாக்குவார். சிலர் தடித்த கம்பியை வளைத்து வழி பார்க்கிறார்கள். ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் துண்டுகளும் கிடைக்கின்றன. துண்டு ஒவ்வொன்றுக்கும் நடுக்கோட்டு நீளம் தெரியும் என்பதால், கோத்த பிறகு எண்ணிப் பார்த்தால் குழாயின் நீளம் கைக்கு வந்துவிடும். இப்போது இன்ஜின் அறையை முப்பரிமாண ஸ்கேன் எடுத்துக் கணினியிலேயே குழாய்களை ஓடவிடுபவர்களும் உண்டு.

எந்தக் குழாயை முதலில் வைப்பது என்பதில் அனுபவம் பேசுகிறது. அதிக நெருக்கடியான சிலிண்டரின் குழாய்க்கு முதலிடம். இடப்பக்கத்தில் பெரும்பாலும் ஸ்டீயரிங்கை ஒட்டியது. அது எவ்வளவு நீளத்தில் முடிகிறதோ அதற்கேற்ப மற்ற மூன்றும் நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ வருகின்றன. தாராளமாக இடமுள்ள குழாயை அழகாக முடித்துவிட்டு நெருக்கடியானதைக் கடைசிக்கு வைத்தால், கடைசிக் குழாய் போக வழியிருக்காது.

அடுத்தது வெப்பத்தோடு போராட்டம். 90 சென்டிமீட்டர் குழாய் 600 பாகை சூடேறினால் சாதாரண எஃகில் சுமார் 6.5 மில்லிமீட்டர் நீளும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சுமார் 9 மில்லிமீட்டர். ஒரு முனை ஹெட்டில் போல்ட்டால் இறுகியிருக்கிறது, மறுமுனை கூடுமுனையில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. நீள இடமில்லாத உலோகம் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். ஆகவே பல நல்ல ஹெடர்களில் முதற்குழாய்கள் கூடுமுனைக்குள் செருகி நிற்கும், ஒட்டியிருக்காது. டைட்டானியம் சேர்த்த 321 ரகம் இந்தச் சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும், விலையும் அதிகம்.

ஸ்டெயின்லெஸை ஆர்கான் வெல்டிங்கில் சேர்க்கும்போது குழாயின் உள்ளேயும் ஆர்கான் நிரப்ப வேண்டும். இல்லையென்றால் வெளியே பளபளப்பாகத் தெரியும் தையலின் உள்பக்கம் ஆக்சிஜனோடு சேர்ந்து பொரிந்து சொரசொரக்கும். அந்த இடமே பின்னால் உடையும். ஹெட்டோடு பொருந்தும் தகட்டைச் சுமார் 10 மில்லிமீட்டர் தடிமனில் வெட்டி, வெல்டிங் முடியும்வரை ஒரு பழைய ஹெட்டிலோ கனமான இரும்புப் பலகையிலோ இறுக்கி வைப்பார்கள். இறுக்காமல் பற்றவைத்தால் தகடு வில்லாக வளைந்து கேஸ்கெட்டில் கசியும். அந்தக் கசிவு சத்தத்தோடு நிற்காது. குழாயில் தாழ் அழுத்தம் ஓடும் நொடிப்பொழுதில் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்துவிட்டு, பெட்ரோல் போதவில்லை என்று பொய் சொல்லும்.

எவ்வளவு பிசகலாம்?

நான்கு முதற்குழாய்களும் மயிரிழை பிசகாமல் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் உண்டு. அலையின் கணக்கையே கேட்போம். ஒரு குழாய் 2.5 சென்டிமீட்டர் கூடுதல் என்றால் போய்வர 5 சென்டிமீட்டர் அதிகம். நேரத்தில் அது 0.08 மில்லிநொடி. 6,000 சுற்றில்கூட கிராங்க் 3 பாகைதான் திரும்பியிருக்கும். திரும்பி வரும் அலையோ பல பத்து பாகைகளுக்கு நீண்டு கிடப்பது. 3 பாகைப் பிசகை இன்ஜின் உணராது. 20 சென்டிமீட்டர் பிசகினால் 24 பாகை. அப்போது அந்த ஒரு சிலிண்டர் மற்றவற்றோடு சேராமல் தனியாக மூச்சுவிடும்.

பட்டறைக்குப் போகும்போது எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதற்கு இந்தக் கணக்கே வழிகாட்டி. இரண்டொரு சென்டிமீட்டர் நீளத்தை விட்டுக்கொடுக்கலாம். பிளக் கழற்றும் இடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. காரை வைத்திருப்பவர் அதை ஆண்டுக்கணக்கில் சபிப்பார். இணைகளின் வரிசையை விட்டுக்கொடுக்கக் கூடாது. 5-ஐயும் 7-ஐயும் சேர்க்க ஒரு வளைவு கூடுதலாக வேண்டுமென்றால் அந்த வளைவைச் செய்தே ஆக வேண்டும், அலைக்கு அதனால் குறையில்லை. கேம்ஷாஃப்ட்டின் வால்வு நேரங்கள், ஹெட்டின் வாய் அளவு, கார் அதிகம் ஓடும் சுற்றுகள் ஆகிய மூன்றையும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்காமல், நல்லதாகப் பார்த்துச் செய்யுங்கள் என்று மட்டும் சொல்பவருக்குக் காருக்குப் பொருந்தும் ஹெடர் கிடைக்கும். இன்ஜினுக்குப் பொருந்துவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

ஹெடர் பூட்டிய பின் வேலை முடிந்துவிடவில்லை. உறிஞ்சல் கூடியதால் இன்ஜின் இப்போது அதிகக் காற்றை இழுக்கிறது. கார்புரேட்டரின் ஜெட்டுகளை அதற்கேற்ப மாற்ற வேண்டும். டைனமோமீட்டரில் ஏற்றி ஓட்டினால், வேண்டிய சுற்றுகளில் முறுக்குவிசைக் கோடு மேலெழுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். எழுந்திருந்தால், கோபுரத்தையும் ஸ்டீயரிங்கையும் சுற்றி வளைந்து வந்த அந்தக் குழாய், 3 மில்லிநொடிக் கணக்கைத் தவறாமல் காப்பாற்றியிருக்கிறது என்று பொருள்.